நரகத்து எண்ணெய் எத்தனை டிகிரி சார்?

கேள்வி: சார், எங்க மாமியார் போன மாசம் தவறிட்டாங்க. பதினாறு நாளும் சாயங்காலம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து கருட புராணம் படிச்சாரு. ஏழாவது படிக்கிற என் பொண்ணு முதல் நாள்லேருந்து முன்வரிசைல உக்காந்து கேட்டா, கேட்டதோட விட்டாளா, இல்ல. எமலோகம் எத்தன கிலோமீட்டர், நரகத்துல எண்ணெய் எத்தன டிகிரி, ரத்த ஆறு ஓடுதுன்னா அவ்ளோ ரத்தம் யாரோடது, பாட்டி காக்காவா வந்தா நமக்கு எப்படி தெரியும், இப்படியே போவுது. இன்ஜினியர் படிச்ச என் கொழுந்தனார் வேற, ஆத்மா எடை 21 கிராம்னு அமெரிக்காவுலயே நிரூபிச்சுட்டாங்க, எனர்ஜிய அழிக்க முடியாது, அதனால ஆத்மாவும் அழியாதுன்னு வாட்ஸ்அப்ல வந்தத சொல்லி வச்சுட்டாரு, இப்ப அதையும் சேர்த்து குடையறா. சாவு வீட்ல என்ன கிண்டல்னு பெரிய மாமனார் கத்திட்டாரு. அவளுக்கு பாட்டின்னா உயிரு சார், கிண்டல் பண்ற பொண்ணு இல்ல. நான் என்ன பதில் சொல்றது? (தஞ்சாவூர் பக்கத்துலேருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, முதல்ல உங்க பொண்ணுக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கிக் கொடுங்க. நான் காலேஜ்ல பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவன், இந்த அளவுக்கு கேள்வி கேக்கற புள்ளைங்க என் கிளாஸ்ல ரொம்ப கம்மி. பெரிய மாமனார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, புராணத்துல நம்பர் போட்டு எழுதினது அவ இல்ல, எழுதினவரே தான் போட்டிருக்காரு, நம்பர்னு ஒண்ணு கொடுத்துட்டா எவனாவது ஒருத்தன் வகுத்துப் பாக்கத்தான் செய்வான்.

தூரத்துலேருந்து ஆரம்பிப்போம். கருட புராணத்த சுருக்கித் தொகுத்த சாரோத்தாரம்ங்கற நூல்ல எமன் ஊருக்கு வழி 86,000 யோஜனைன்னு இருக்கு (யோஜனைங்கறது பழைய காலத்து தூர அளவு), அதுவும் வழியில குறுக்க ஓடற வைதரணிங்கற ரத்த ஆறு நீங்கலா. பதிமூணாம் நாள் எமதூதர்கள் பாசக்கயித்துல கட்டி, பிடிச்ச குரங்க இழுத்துட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போவாங்க, ராத்திரி பகல்னு பாக்காம ஒரு நாளைக்கு 247 யோஜனை நடக்கணும்னு போட்டிருக்கு. வகுத்துப் பாருங்க, 348 நாள் வருது. முன்னாடி போன 13 நாள சேத்தா 361. அதாவது சரியா தலைத்திவசம் கொடுக்கற நேரத்துக்கு ஆள் போய்ச் சேர்ந்துடுவாரு! எனக்கு இத மொத தடவ போட்டுப் பாத்தப்ப சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் மரியாதையும் வந்துச்சு. ஏன்னா 247ங்கற நம்பர் யாருக்கும் தானா தோணாது, 250ன்னு போட்டிருந்தா சொல்றதுக்கும் ஈஸி. வருஷம் முடியறதுக்குள்ள போய்ச் சேரணும்னு முடிவ கைல வச்சுக்கிட்டு பின்னாலேருந்து ஸ்டெப் போட்டிருக்காருன்னு தான் எனக்கு தோணுது, ஆன்சர் தெரிஞ்ச பையன் பரீட்சைல பண்ற வேலை தான் இது, ஆனா வகுத்தல் தப்பில்லாம போட்டிருக்காரு.

இப்ப ஒரு யோஜனை எவ்ளோன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, 8 கிலோமீட்டர்னும் சொல்றாங்க, 13 கிலோமீட்டர்னும் சொல்றாங்க. எட்டுன்னு வச்சா மொத்தம் ஆறு லட்சத்து 88 ஆயிரம் கிலோமீட்டர், பதிமூணுன்னு வச்சா 11 லட்சத்து சொச்சம். நிலா இருக்கறது 3,84,400 கிலோமீட்டர்ல, அப்ப எமலோகம் எப்படிப் பாத்தாலும் நிலாவத் தாண்டித்தான். வேகம் மணிக்கு 82லேருந்து 134 கிலோமீட்டர் வருது. நடந்து, அதுவும் கட்டி இழுத்துட்டுப் போய் இந்த வேகம்னா எமதூதர்கள குறை சொல்லவே முடியாது. ஆனா நம்ம இஸ்ரோ சூரியன ஆராயற ஆதித்யா எல்1 விண்கலத்த 2023 செப்டம்பர் 2ஆம் தேதி விட்டாங்க, 2024 ஜனவரி 6ஆம் தேதி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திட்டாங்க. எமலோகத்த விட தூரம், ஆனது நாலே மாசம். அந்த திட்டத்துக்கு இயக்குநரா இருந்தவங்க செங்கோட்டைல பொறந்த நிகார் ஷாஜி, அத உங்க பொண்ணுக்கு கட்டாயம் சொல்லுங்க. அங்க வழியில எமலோகம் போர்டு எதாச்சும் தெரிஞ்சுதான்னு கேப்பா, எமலோகம் தெற்கு, ஆதித்யா போனது சூரியன் பக்கம், ரூட்டே வேறன்னு சொல்லி அப்போதைக்கு தப்பிச்சுக்கலாம். ரெண்டாவது கேள்விக்கு தப்பிக்க முடியாது.

அடுத்து எண்ணெய். இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, ஏன்னா நரகத்துல எண்ணெய் கொதிக்குதுன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா நம்ம சமையல் எண்ணெய் எதுவும் சாதாரணமா கொதிக்கவே கொதிக்காது. சூடு ஏற ஏற மொதல்ல புகையும், அப்புறம் கருகி சிதையும், மேல போனா தீப்பிடிக்கும், தண்ணி மாதிரி கொதிநிலைக்கு வர்றதுக்குள்ள அது எண்ணெயாவே இருக்காது. அப்ப நீங்க வடை போடறப்ப சலசலன்னு கொதிக்கறது என்ன? அது மாவுல இருக்கற தண்ணி, 170, 180 டிகிரி எண்ணெய்ல விழுந்ததும் ஆவியாகி குமிழ் விட்டு வெளிய ஓடுது. வடை வெந்து வர வர சத்தம் அடங்குது பாருங்க, உள்ள தண்ணி தீந்து போச்சுன்னு அர்த்தம், நீங்களும் அந்த சத்தத்த வச்சு தான திருப்பிப் போடறதும் எடுக்கறதும். சனிக்கிழமை ஒரு வாணலிய வச்சு பொண்ணுக்கு காட்டுங்க, வெறும் எண்ணெய் சும்மா இருக்கும், ஒரு துளி மாவு விழுந்தா தான் கூத்து.

ஆக கும்பீபாகம்ங்கற எண்ணெய் நரகத்துல கொப்பரை சலசலன்னு கொதிக்கணும்னா உள்ள போடற ஆள்கிட்ட தண்ணிச்சத்து இருக்கணும். உடம்ப தான் எரிச்சாச்சே? ஆத்மாவ நெருப்பு எரிக்காது, தண்ணி நனைக்காதுன்னு கீதை ரெண்டாம் அத்தியாயத்துல கிருஷ்ணரே சொல்லிட்டாரு, அப்ப கொப்பரைக்குள்ள எறக்கினா ஆத்மா பாட்டுக்கு நீச்சல் அடிச்சுட்டு வந்துடும். இந்த இடத்துல உங்க பெரிய மாமனார் விவரமானவரா இருந்தா மடக்குவாரு, பத்து நாள் வைக்கற பிண்டத்துல தான் அந்த உயிருக்கு கையளவு புது உடம்பு உண்டாகுதுன்னு. உண்மை தான், புராணத்துல அப்படித்தான் இருக்கு, முதல் நாள் பிண்டத்துல தலை, ரெண்டாம் நாள் கழுத்தும் தோளும், இப்படியே போய் பத்தாம் நாள் பசியும் தாகமும். சோத்து உருண்டைல செஞ்ச உடம்பு! வெந்த சோத்துல ஏறக்குறைய ரெண்டு பங்கு தண்ணி, ஒரு பங்கு தான் அரிசி. அப்ப கொதிக்கும். புராணம் எழுதினவரு இங்கயும் தப்பிச்சுட்டாரு, நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க.

ஆனா இந்தக் கேள்விய மட்டும் சிரிச்சு விட்டுடாதீங்கம்மா. பாட்டி மேல உயிரா இருக்கற புள்ள எத்தன டிகிரின்னு கேட்டா, பாட்டிக்கு வலிக்குமான்னு கேக்கறான்னு தான் நான் எடுத்துப்பேன். அதுக்கு பதில் இருக்கு. சூடு படுதுன்னா தோல்ல இருக்கற நரம்பு முனை அத பிடிக்கணும், தண்டுவடம் வழியா மூளைக்கு போகணும், மூளை அத வலின்னு புரிஞ்சுக்கணும். இந்த லைன்ல எங்க கட் ஆனாலும் வலி கிடையாது, மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் பண்றதே அந்த லைன கட் பண்ணித்தான். பாட்டிக்கு மொத்த லைனும் நின்னு போச்சு. அவங்களுக்கு இப்ப எதுவும் வலிக்கல, மூட்டு வலி உட்பட. இத நேரா முகத்தப் பாத்து சொல்லுங்க, இதுல ஜோக் வேண்டாம். அப்படியே, இனிமே சாப்பிடலன்னா, பொய் சொன்னா எண்ணெய் கொப்பரைன்னு வீட்ல யாரும் மிரட்ட வேண்டாம், அந்த பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது.

டிகிரி கணக்கு போட்டது உங்க பொண்ணு மட்டும் இல்லம்மா. 1972ல அப்ளைடு ஆப்டிக்ஸ்னு நிஜமான அறிவியல் பத்திரிகைல பேர் போடாம ஒருத்தர் எழுதினாரு, சொர்க்கம் நரகத்த விட சூடுன்னு. பைபிள்ல ஏசாயா 30ஆம் அதிகாரத்துல நிலா வெளிச்சம் சூரியன் மாதிரி இருக்கும், சூரிய வெளிச்சம் ஏழு மடங்கா ஏழு பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும்னு வருது. அவரு ஏழேழு நாப்பத்தொம்போது, நிலாவோடது ஒண்ணு, மொத்தம் பூமிக்கு வர்றத விட 50 மடங்குன்னு போட்டாரு, வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையோட நாலாம் அடுக்குல ஏறும்ங்கற விதிய வச்சு கணக்கு பண்ணா சொர்க்கம் 525 டிகிரி செல்சியஸ். நரகத்துல கந்தகம் எரியற கடல் இருக்குன்னு போட்டிருக்கு, கந்தகம் கடலா கெடக்கணும்னா அதோட கொதிநிலை 444.6 டிகிரிக்கு கீழ தான் இருக்கணும், இல்லன்னா ஆவியாப் போயிடும். ஆக சொர்க்கம் தான் சூடு. அதோட விட்டாங்களா? 1998ல ஸ்பெயின்லேருந்து ரெண்டு இயற்பியல்காரங்க, வசனத்த தப்பா படிச்சுட்டாரு, ஏழத்தான் சொல்லியிருக்கு, ஏழேழு இல்ல, 50க்கு பதிலா எட்டு தான்னு மறுப்பு எழுதினாங்க, சொர்க்கம் 231.5 டிகிரிக்கு எறங்கிடுச்சு. என்னக் கேட்டா அதுவே வடை தீயற சூடு. ஆனா கவனிங்க, சண்டை யாரு பக்தின்னு நடக்கல, பெருக்கல் சரியான்னு தான் நடந்துச்சு. சிரிச்சுக்கிட்டே எழுதினாலும் இந்த ஒழுங்கு இருந்தா அது கிண்டல்ல சேராதுன்னு தான் நான் சொல்லுவேன்.

ரத்த ஆறுக்கு வருவோம், நீங்க காவேரி தண்ணி குடிக்கறவங்க, டிஎம்சி கணக்குலயே சொல்றேன். வைதரணி அகலம் 100 யோஜனைன்னு இருக்கு, சின்ன யோஜனையே வச்சாலும் 800 கிலோமீட்டர். பூமில இதுவரைக்கும் பொறந்த மனுஷங்க மொத்தம் சுமார் 11,700 கோடின்னு ஒரு மதிப்பீடு உண்டு, ஒரு ஆளுக்கு 5 லிட்டர் ரத்தம்னு வச்சா 58,500 கோடி லிட்டர். ஒரு டிஎம்சிங்கறது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். அப்ப ஆதிமனுஷன்லேருந்து இன்னிக்கு வரைக்கும் எல்லார் ரத்தமும் ஒரு சொட்டு விடாம பிடிச்சாலும் 21 டிஎம்சி கூட தேறல. மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சி, கால்வாசி கூட ரொம்பாது, குறுவைக்கு திறக்கவே யோசிக்கணும். 800 கிலோமீட்டர் அகலத்துல, ஒரு மீட்டர் ஆழத்துல இத ஓடவிட்டா ஆத்தோட நீளம் 730 மீட்டர். அகலம் 800 கிலோமீட்டர், நீளம் முக்கா கிலோமீட்டர் கூட இல்லன்னா அதுக்கு பேரு ஆறு இல்ல, வேலிக்குப் பக்கத்துல ஓடற சாக்கடை. பக்கவாட்டுல சுத்திக்கிட்டு வந்துடலாம், ஆத்த தாண்டறதுக்கு பசு தானம் பண்ணி அதோட வால பிடிச்சுட்டுப் போற வேலையே இல்ல. (இத பெரிய மாமனார் காதுல விழற மாதிரி சொல்ல வேண்டாம், பசு தானம் பண்ணியிருந்தா வருத்தப்படுவாரு.)

சித்திரகுப்தனப் பத்தி உங்க பொண்ணு கேக்கல, கேப்பா. காஞ்சிபுரத்துல அவருக்கு கோயில் இருக்கு, கைல ஏடும் எழுத்தாணியுமா உக்காந்திருப்பாரு. உலகத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட ஆறு கோடி பேரு இறக்கறாங்க, அதாவது செகண்டுக்கு ரெண்டு பேரு. எழுத்தாணி வச்சு செகண்டுக்கு ரெண்டு ஃபைல், லீவே கிடையாது. பாவம் அந்த மனுஷன்.

கொழுந்தனார் விஷயம் தான் கொஞ்சம் கோவம் வருது. புராணம் புராணம்னு சொல்லிட்டு வருது, இது சயின்ஸ் சட்டை போட்டுக்கிட்டு வருது. 21 கிராம் கதை என்னன்னா, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் ஹேவர்ஹில்ல டங்கன் மக்டூகல்னு ஒரு டாக்டர், சாகற நிலையில இருக்கறவங்க கட்டில தராசு மேல வச்சு எடை பாத்தாரு, 1907ல அத வெளியிட்டாரு. மொத்தம் ஆறே பேரு. அதுல ரெண்டு பேர் கணக்க அவரே தள்ளிட்டாரு, மிச்ச நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகல, முதல் ஆளுக்கு முக்கால் அவுன்ஸ் குறைஞ்சுச்சு பாருங்க, அது தான் 21 கிராம். ஒரே ஒரு ஆளோட எடை! அந்த தராசே ஐந்தாறு கிராமுக்கு கீழ காட்டாது. அப்புறம் 15 நாய வச்சுப் பாத்தாரு, எடை குறையல, அதனால நாய்க்கு ஆத்மா இல்லன்னு முடிவு கட்டினாரு. அப்பவே கிளார்க்னு இன்னொரு டாக்டர் கேட்டாரு, மூச்சு நின்னதும் நுரையீரல் ரத்தத்த குளுர வைக்கறதும் நின்னுடும், உடம்பு சூடு கொஞ்சம் ஏறி வேர்க்கும், அந்த வேர்வை ஆவியாப் போனா எடை குறையாதான்னு. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாய் எடை ஏன் குறையலங்கறதுக்கும் அதுலயே பதில் வந்துடுது.

சரி, 21 கிராம்னே வச்சுப்போம், அத்தனையும் எனர்ஜியா மாறிப் போச்சுன்னும் வச்சுப்போம். ஐன்ஸ்டைன் ஃபார்முலால போட்டா ஏறக்குறைய 450 கிலோடன் டிஎன்டி வெடிமருந்து வெடிக்கற அளவு வருது. ஹிரோஷிமால போட்ட குண்டு 15 கிலோடன் அளவுக்கு தான். ஒவ்வொரு சாவுக்கும் முப்பது ஹிரோஷிமா! உங்க மாமியார் தவறினப்ப எதுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடி கூட அதிரல இல்ல, அப்ப 21 கிராமும் எனர்ஜியும் ஒண்ணா நிக்காது, ரெண்டுல ஒண்ண கொழுந்தனார் வாபஸ் வாங்கணும்.

எனர்ஜிய அழிக்க முடியாதுங்கறது நூத்துக்கு நூறு சரி, ஆனா அது எங்க போச்சுன்னு தேடவே வேண்டாம், தெரியும். உசுரோட சும்மா உக்காந்திருக்கற ஒரு ஆள் உடம்பு சுமார் 100 வாட் சூட்ட வெளிய விட்டுக்கிட்டே இருக்கு, எல்லாம் சாப்பிட்ட சாப்பாட்டுலேருந்து வர்றது. சாப்பாட்ட எரிக்கற வேலை நின்னதும் புதுசா சூடு வராது, இருக்கற சூடு மெல்ல மெல்ல ரூமுக்குப் போகும். போலீஸ் கேஸ்ல டாக்டருங்க செத்த நேரம் சொல்றதுக்கு இதையும் ஒரு கணக்கா வச்சுக்கறாங்க. அன்னிக்கு உங்க வீட்ல ஃப்ரீசர் பாக்ஸ் வச்சிருப்பீங்க, அதோட பின்பக்கம் தரையோரமா சூடா காத்து அடிச்சிருக்கும், அங்க உக்காந்திருந்தவங்க கால நகத்தியிருப்பாங்க. உள்ளேருந்து எடுத்த சூடும் கரண்ட்ல வந்த சூடும் கலந்து வர்ற காத்து அது. ஆற்றல் அழியாதுங்கறதுக்கு அது சாட்சி, ஆத்மா அழியாதுங்கறதுக்கு இல்ல. ஆத்மா உண்டா இல்லையான்னு என்னைக் கேட்டா நான் வாய தொறக்க மாட்டேன், அதுக்கு எடையும் இல்ல, யூனிட்டும் இல்ல, என் கால்குலேட்டர்ல பட்டனும் இல்ல. ஆனா பிசிக்ஸ் பேர சொல்லி அத விக்க வந்தா மட்டும் விட மாட்டேன்.

கடைசியா காக்கா. இது ஒண்ணுக்கு தான் உங்க பொண்ணே சோதனை பண்ணிப் பாக்க முடியும், அதனால பாட்டி வராங்க வரலன்னு நான் எதுவும் சொல்லப் போறதில்ல, செய்முறை மட்டும் தரேன். அமாவாசை அன்னிக்கு பண்ணாதீங்க, தெரு முழுக்க எல்லா மாடியிலயும் சோறு, காக்கா எங்கயோ வயிறு முட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கும், இங்க நீங்க பாட்டி கோச்சுக்கிட்டாங்கன்னு அழுதுக்கிட்டிருப்பீங்க. சாதாரண நாளா பாத்து, தெனமும் ஒரே நேரம், மாடில ரெண்டு இலை, நடுவுல நாலடி இடைவெளி. ஒரு இலைய பாட்டி பேர் சொல்லி வைக்கணும், இன்னொண்ண பேர் எதுவும் சொல்லாம. வலது இலைக்கு பேரா இடது இலைக்கு பேரான்னு தெனம் காச சுண்டி முடிவு பண்ணணும். ரெண்டையும் ஒரே ஆள் தான் வைக்கணும், ஏன்னா காக்கா ஆள் மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கும். அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் டீம் முகமூடி மாட்டிக்கிட்டு காக்காங்கள பிடிச்சு விட்டாங்க, வருஷக் கணக்கா ஆனப்புறமும் அந்த முகமூடிய பாத்தா காக்காங்க கூட்டம் கூடி கத்துச்சு. அதனால நீங்க ஒண்ணு, பொண்ணு ஒண்ணுன்னு வச்சா பாட்டியப் பாத்து வந்துச்சா, பேத்தியப் பாத்து வந்துச்சான்னு பிரிக்க முடியாது. வடை வைக்கறதா இருந்தா ரெண்டு இலையிலயும் வைங்க, ஒண்ணுல மட்டும் வச்சா டேட்டா போச்சு. எந்த இலைல மொதல்ல மூக்க வைக்குதுன்னு நோட்ல எழுதற வேலைய பெரிய மாமனாருக்கு கொடுங்க, ஆனா எந்த இலைக்கு பேர் சொன்னீங்கன்னு அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க.